அம்மன் கால்வாய் தாண்டிய வருடம்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பாதியை நிர்வாகம் விற்ற பிறகு, தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தாமான் என்னும் புதிய குடியிருப்பு எழுந்தது. வீடுகள் அழகுதான், தெருக்கள்தாம் விசித்திரம். ஒவ்வொன்றும் எங்களை நோக்கி ஓடிவந்து, நடுவிலிருந்த பெரிய கால்வாயைக் கண்டதும் நின்றுவிடும். அம்மா வேலைக்குப் போகும் தொழிற்சாலை பஸ் அந்தப் பக்கம்தான் நிற்கும். இங்கிருந்து பார்த்தாலே தெரியும். ஆனால் அம்மா விடியுமுன் எழுந்து, லோரிகள் பறக்கும் பெரிய சாலையோரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஒருமுறை லோரிக் காற்றே அவரைப் பள்ளத்தில் தள்ளியிருந்தது. நடைபாலம் போடலாமா என்று கேட்கப் போனவர்களிடம், "திருடன் வருவான்" என்று தாமான்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அவ்வருட அம்மன் திருவிழாவில் ரதத்துக்கு முன்னால் போய் வழிகாட்டும் பொறுப்பு என் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி, லோரி ஓட்டுபவர். வழக்கமான பாதையை விட்டுவிட்டு, ரதத்தை நேராகக் கால்வாய்க் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"என்ன மச்சான், ரோடு எங்க?" என்றார் வடம் பிடித்தவர்களில் ஒருவர்.

"நேரா போகும்னு நெனச்சேன் லா!"

"பொறந்த எடத்துலயே வழி தெரியல, இவரு பினாங்குக்கு லோரி ஓட்டுறாராம்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ரதத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம் என்று யாரோ சொல்ல, பூசாரி பாய்ந்தார்: "சாமிய பின்னால தள்றதா? வாயக் கழுவு!"

மாமா தலையைச் சொறிந்தார். பிறகு, மரத்தடியில் நின்ற தம் லோரியிலிருந்து கனத்த பலகைகளை இறக்கச் சொன்னார். அவை கால்வாய்க்குக் குறுக்கே அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. மேளச்சத்தம் கேட்டு அக்கரையில் தாமான் ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஒரு சீனத்து அம்மா ஊதுவத்தி கொளுத்தினார். மலாய்ப் பையன்கள் "பெலான், பெலான்" என்று, மெதுவாக வரச் சொல்லிக் கத்தியபடியே வடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரதம் ஒரு குலுங்கு குலுங்கி அக்கரை ஏறியது.

மறுநாள் விடியலில் அம்மா அந்தப் பலகைகள்மேல் நடந்துபோய் பஸ் ஏறினார். பின்னாலேயே லயத்து அக்காமார்களும். யாரும் தடுக்கவில்லை. பலகை முனையில் புது ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

இன்று அங்கே கார் போகும் பாலம் இருக்கிறது. தெருக்கள் எப்படி இணைய வேண்டும் என்று நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போனவன் நான்தான். ஆனால் அம்மா பலகைமேல் நடந்துபோன அந்தக் காலையில், சிறுவனான நான் மாமாவிடம் மூச்சிரைக்க ஓடினேன்.

"மாமா, பலகைய மறந்துட்டீங்க! யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க!"

"அம்மன் போன பாதைய எவன்டா தூக்குவான்?" என்று சொல்லிவிட்டு, அவர் கோப்பியை ஆற்றத் தொடங்கினார்.

எடுத்துவரச் சோம்பல், அதற்குச் சாமியைச் சாக்குச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.