நாலு மணிக்குள் ஒரு முத்திரை

தெருவில் அவரைச் 'சீனியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது காரணமல்ல, முப்பத்து நான்குதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பதிவு மூப்புதான் அவருடைய ஒரே சொத்து. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு நாள் தவறினால் பன்னிரண்டு வருடமும் போச்சு. நேற்றுப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

அவர் சும்மா இருந்தவரும் அல்ல. அதே அலுவலகத்து மதில்மேல் உட்கார்ந்து, வேலை தேடி வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். அவர் எழுதிக் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் நாற்பது பேர். தனக்கு எழுதியவற்றுக்குத்தான் ராசியில்லை.

'வேலையின்மையும் தொழில்முனைவும்' என்ற சர்வதேச இளைஞர் மாநாட்டுக்கு வேலையில்லாதோர் பிரதிநிதியாக அவரை அழைத்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பதவிக்குத் தேர்வாகியிருந்தார். ஆனால் மாநாட்டு நாளேதான் முத்திரைக்கும் கடைசி நாள். முந்தைய வாரம் மூன்று முறை போய்ப் பார்த்தார். மூன்று முறையும் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. வேலை செய்யாததைப் பற்றி அவர் என்னவென்று குறை சொல்வது?

"மேடையில உக்காந்துட்டு மறந்துடாதேடா. நாலு மணிக்கு கவுன்ட்டரை மூடிருவாங்க" என்றாள் அக்கா.

"சாப்பாட்டு நேரத்துல ஓடிப் போய் வாங்கிருவேன்க்கா."

"அப்படியே நாற்காலி அடுக்க ஆள் வேணுமான்னு கேட்டுட்டு வா மாப்ளே" என்றார் அக்காவின் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

மண்டப வாசலில் முதல் சறுக்கல். "வேலையில்லாதவங்க அட்டை தீர்ந்துபோச்சு சார், எதிர்பார்த்ததைவிடக் கூட்டம்" என்று வரவேற்புப் பெண் வருத்தப்பட்டாள். 'தொழில்முனைவோர்' அட்டை பெட்டி நிறைய இருந்தது. அதில் ஒன்றை அவர் கழுத்தில் மாட்டினாள்.

தொடக்க உரைகள் முடியவே இரண்டாகிவிட்டது. சாப்பாட்டை விட்டுவிட்டு மூன்று தெரு ஓடினார். கவுன்ட்டரில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

"மேடம் மாநாட்டுக்குப் போயிருக்காங்க. அங்க நாற்காலி காலியா தெரியக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு" என்றார் வாட்ச்மேன்.

திரும்ப ஓடினார். ஏழாவது வரிசையில் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தார் கவுன்ட்டர் அம்மா. மணி இரண்டே முக்கால்.

"மேடம், இன்னிக்குக் கடைசி நாள். பன்னிரண்டு வருஷம் மேடம்."

அந்த அம்மா அவர் கழுத்தைப் பார்த்தார். "தொழில்முனைவோர்னு போட்டிருக்கே. தொழில் இருக்கிறவருக்கு எப்படிப் புதுப்பிக்கிறது?"

"வேற அட்டை இல்லன்னு மாட்டிவிட்டாங்க மேடம்."

"சரி, வாசல்ல உக்காந்து ஃபாரம் எழுதறீங்களே, அது?"

"அது... பொழுதுபோக்கு மேடம்."

"எனக்குப் புரியுது. நாளைக்கு ஆடிட்காரன் கேட்டா? சாட்சி வேணுமே."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அவரை மேடைக்கு அழைத்தது.

"போங்க. எல்லா நாட்டுக்காரங்க முன்னாடியும் சொல்லுங்க. நான் குறிச்சுக்கறேன்."

மேடையில் அறிவிப்பாளர் அட்டையையும் கையிலிருந்த குறிப்பையும் படித்துவிட்டு, "பன்னிரண்டு வருடமாகச் சொந்தக் காலில் நிற்கும் தொழில்முனைவோர்!" என்று முழங்கினார். கைதட்டல். சீனியர் ஏழாவது வரிசையைப் பார்த்தார். அங்கே கவுன்ட்டர் அம்மாவின் பேனா திறந்தபடி காத்திருந்தது. ராத்திரியெல்லாம் எழுதிய நான்கு பக்க உரையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எனக்குத் தொழில் கிடையாது" என்றார். "இதுக்கு முன்னாலயும் இருந்ததில்லை. மதில்மேல உக்காந்தாலும் அது தொழில் இல்லை. இதை யார் வேணும்னாலும் எழுதிக்கலாம்."

மொழிபெயர்ப்பு காதுகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. உலகப் பொருளாதாரத்தையே நிராகரித்த உரை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆறு நாட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்தார்கள். ஒவ்வொரு தோளுக்கு மேலாகவும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பத்தைந்து. நாற்பது. குடையோடு வாசலில் நின்ற கவுன்ட்டர் அம்மாவும் கடிகாரத்தைத்தான் காட்டினார்.

மூன்று ஐம்பத்தாறுக்குக் கவுன்ட்டர் திறந்தது. மை காய்ந்திருந்தது. பாட்டிலைச் சாய்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அந்த அம்மா ஓங்கிக் குத்தினார்.

அட்டையை ஊதிக்கொண்டே சீனியர் வெளியே வந்தார். மதிலருகே ஒரு பட்டதாரிப் பெண் தாள்களோடு நின்றாள்.

"அண்ணே, ஒரு ஃபாரம் எழுதணும்."

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ரெண்டு நிமிஷம் பொறும்மா" என்றார் மெதுவாக. "மேடம் கிளம்பட்டும்."