ரமாபாய் பையில் இருந்த காரப்பொடி

மீனில் வறுத்த மீன், குழம்பு மீன் என்று இரண்டே வகை உண்டு என நம்பிய வீட்டில் பிறந்தவள் ரமாபாய். வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரி. அவளைப் பிடித்துத் திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு சின்னக் குப்பத்துக்கு, கரைக்கு வரும் மீனைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். ஒப்பந்த வேலை. என்ன மீன், எத்தனை கிலோ என்று தினமும் கைபேசியில் பதிய வேண்டும். மாதக் கடைசியில் மீன்வளத் துறை அதையெல்லாம் கூட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடும்.

முதல் வாரம் கிழங்கானைப் பார்த்து நெத்திலி என்று எழுதினாள். ஏலம் விடும் பவுனம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, இது நெத்திலின்னா அந்தாண்ட கெடக்குற சுறா இன்னாது? ஊட்டி வளத்த நெத்திலியா?"

அன்று சிரித்த கரை அதோடு விடவில்லை. "எத்தினி கிலோ? எந்த போட்டு?" என்று படகுக்காரர்களிடம் ரமாபாய் கேட்கும் மூக்கடைத்த குரலிலேயே பேசிக் காட்டிப் பவுனம்மாள் தினமும் கலாய்ப்பாள். கலாய்த்துக்கொண்டே இரண்டு வருடத்தில் அறுபத்துமூன்று மீன் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தும் விட்டாள்.

போன ஆடியில் துறை அலுவலகத்திலிருந்து எழில்மொழி பேசினாள்.

"அக்கா, உங்க கரையில மூணு மாசமா நாளைக்கு எண்பது கிலோதான் வருது. நூத்தியிருபதுக்குக் கீழ இருக்கற இடத்தையெல்லாம் மீன் இறங்கற கரைப் பட்டியல்லேருந்து எடுக்கறாங்க. ஏதாவது விட்டுப்போயிருந்தா அடுத்த மாசக் கடைசிக்குள்ள திருத்தி அனுப்புங்க."

பட்டியலில் இல்லாத கரைக்குத் துறை ஏலக்கூரை போட்டுத் தராது. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஏலம் விடும் பவுனம்மாள் நான்கு வருடமாகக் காத்திருப்பது அந்தக் கூரைக்குத்தான்.

"நூத்தம்பதுன்னு போட்டு அனுப்பு. மீனு வந்து கோர்ட்டுல சாட்சி சொல்லப் போவுதா?" என்றார் போட்டுக்காரர் பொன்னுரங்கம்.

"வேணா நைனா. ஒரு தபா பொய் எழுதுனேன்னா, இத்தினி நாள் எழுதுன நெசமும் பொய்யாப் பூடும்."

சொல்லிவிட்டாளே தவிர, ரயிலில் வரும்போதெல்லாம் அந்த ஈரத்துண்டுதான் கண்ணில் நின்றது.

வீட்டில் அவள் புருஷன் அன்புமணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தான்.

"இது இன்னா மீனு?"

"காரப்பொடி."

"கவர்மெண்டுக்குச் சொல்லிட்டியா? இல்ல, நம்மளே துன்னுரலாமா?"

தினமும் சொல்லும் கிண்டல்தான். அன்றைக்கு அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மூன்று மாதப் பதிவில் காரப்பொடி ஒரு கிலோகூட இல்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் அவள் வீட்டிலேயே கொதித்த மீன் அது.

போட்டு கரையேறியதும் முதல் வேலை, குழம்புக்குப் பிரிப்பது. போட்டை இழுத்தவர், வலையிலிருந்து மீன் எடுத்தவர், அன்று கடலுக்குப் போகாத வீட்டார் என்று எல்லார் பையிலும் கையால் அள்ளிப் போடுவார்கள். மிச்சம்தான் ஏலத்துக்கு வரும். முப்பதடி தள்ளி, ஏலம் விடும் இடத்தில் நின்றுதான் ரமாபாய் எழுதினாள். எழுத ஆரம்பிக்கும் முன்னே அவள் பையும் நிறைந்துவிடும்.

மறுநாள் காலை தராசோடு போட்டருகே போய் நின்றாள். பொன்னுரங்கத்துக்கு முகம் மாறிவிட்டது.

"குழம்புக்குக் குடுக்கறத தராசுல வெக்கறதா? எடை போட்டா அது யாவாரம்மா."

ஒருவரும் பையைத் தரவில்லை.

"அவ பை அவளுதுதான நைனா," என்றாள் பவுனம்மாள். "அத்த எடை போட்டுக்கட்டும். மத்தபடி எத்தினி பேருக்கு அள்ளுறீங்கன்னு நான் எண்ணிக் குடுக்கறேன். எண்ணறதுக்குத் தராசு வேணாமே."

பதினான்கு போட்டு. ஒரு போட்டுக்கு சுமாராக எட்டுப் பங்கு. ரமாபாயின் பை தினமும் எழுநூறு கிராம் காட்டியது. ஒரு வாரம் ஆனதும் பங்குகளைப் பெருக்கி ஏலக் கணக்கோடு கூட்டிப் பார்த்தாள், நூற்றிருபதைத் தாராளமாகத் தாண்டியது. ஆனாலும் அனுப்பக் கை வரவில்லை.

"நெசத்தச் சொல்லு நைனா. எனக்குப் போடறது மத்தவங்களுக்குப் போடற அளவுதானா?"

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். "வெளியூருப் பொண்ணு. ரெண்டு மீனு சேத்துதான் போடறது."

"அப்ப என் பை செல்லாது."

வலையிலிருந்து மீன் கழிக்கும் வரலட்சுமி எழுந்து வந்தாள். அவளிடம் ரமாபாய் அதுவரை நான்கு வார்த்தை பேசியதில்லை. தன் பையைத் தராசில் வைத்தாள்.

"யாவாரம் இல்ல நைனா, கூரைக்கு. எழுதிக்கக்கா."

அவள் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு வாரம் எடை போட்டதில் பங்குக்குச் சராசரி அரை கிலோ. ஐம்பத்தாறு கிலோ கூடி, நாளைக்கு நூற்றுமுப்பத்தாறு ஆனது. எப்படி அளந்தாள், தன் பையை ஏன் சேர்க்கவில்லை என்பதையும் எழுதித்தான் அனுப்பினாள்.

அடுத்த மாதம் பட்டியல் வெளியானபோது ரமாபாய் கரையில் நின்று வாசித்தாள். குப்பத்தின் பெயர் இருந்தது. கீழே சின்ன எழுத்தில், 'குழம்புப் பங்கு உட்பட'. மற்ற கரைகளிலும் இனி அதைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழில்மொழி போனில் சொன்னாள். கூரை வரும்போது வரட்டும். வருவதற்கு இப்போது வழி இருக்கிறது.

நன்றி சொல்ல வாயைத் திறந்தவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. பவுனம்மாள் விடுவாளா? அதே மூக்கடைத்த குரலில் ஆரம்பித்தாள்.

"எத்தினி லிட்டரு? எந்தக் கண்ணு?"

ரமாபாய் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். பொன்னுரங்கம் அவள் பையில் அள்ளிப் போட்டார். இப்போது எல்லாப் பையும் தராசில் ஏறித்தான் வீட்டுக்குப் போகிறது.

எழுநூற்றிருபது கிராம் காட்டியது. வெளியூர்ப் பெண்ணுக்கான அந்த இரண்டு மீனை அவர் குறைக்கவில்லை.