சாமி சோறும் அண்ணனின் ஈயக்குட்டையும்

அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறையும் இந்த நாளில், அவரவர் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. ஈப்போவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தில் வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள். இந்தக் கட்டுரையை அண்ணியார்தான் எழுதியிருக்க வேண்டும். தமக்கு அழத்தான் வரும், எழுத வராது என்று சொல்லிப் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார்.

போகும் முன் அண்ணன் என்னிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனார். தமக்கு நினைவு மலர் போட்டால், அதில் இன்னின்னாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். யார் யாருக்கென்று அவர் சொன்னபோது, அதில் சிலரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓராண்டாக அந்த நன்றி தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் அது வெளியே வருமா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது காம்பார் போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். அப்பா மஞ்சள் காமாலையில் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அம்மா ஒருவர் சம்பளத்தில் வயிற்றைக் கழுவினோம். அண்ணன் பள்ளிக்கூடம் போகும் முன் கங்கோங் கீரை பறித்துக் கட்டிக் கடைக்குக் கொடுத்துவிட்டுத்தான் சட்டை மாட்டுவார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய படிப்பு, ஆசிரியர் கல்லூரி வரை போனது. ஈப்போவில் இடைநிலைப் பள்ளி ஒன்றில் முழுக்காலமும் அறிவியல் ஆசிரியராக இருந்தார். இதற்கிடையில் தோட்டம் கைமாறி, பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். நாங்கள் சிம்பாங் பூலாய்க்குக் குடிவந்தோம். பழைய இடத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியது.

அண்ணன் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை. அந்தக் குறையைத் தங்கை தீர்த்து வைத்துவிட்டாள் என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கல்யாண வீடுகளில் துருவியவர்களிடமும் அவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார்.

ஓய்வு பெற்றதும், கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன ஒரு குட்டையை அனுமதி வாங்கி எடுத்தார். பெரிய குட்டை அல்ல. நாலு பூப்பந்துத் திடல் போட்டால் நிரம்பிவிடும். முதன்முதலில் பார்த்தபோது தண்ணீர் நீலமாக, அடிமணல் தெரியும்படி இருந்தது. எவ்வளவு அழகு என்று நான் வியந்தேன். "அழகுதான் பாப்பா, ஆனா உள்ள பட்டினிலா" என்றார் அண்ணன். கழுவிக் கழுவி ஈயம் எடுத்த மண்ணில் சத்தே இல்லை, அதனால் பாசி இல்லை, பாசி இல்லாததால் வேறு எதுவுமில்லை என்று விளக்கினார்.

அந்தத் தண்ணீரை உயிராக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. பக்கத்துக் கோழிப்பண்ணைச் சீனப் பெரியவர் மூட்டையில் தரும் எருவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார். பிறகு முழங்கை வரை கையை விட்டு, உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் பாசி போதவில்லை என்று பொருள். முழங்கை நனையும் முன்பே மறைந்தால் எரு அதிகமாகிவிட்டது என்று பொருள். முழங்கை முங்கும்போது உள்ளங்கை மங்கி மறைய வேண்டும். அந்தப் பச்சை வந்த நாளில் எனக்குப் போன் போட்டுச் சொன்னார். பேரன் பிறந்த வீட்டில்கூட அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

பிறகுதான் திலாப்பியாவும் கெளுத்தியும் விட்டார். கொக்கு வந்தது, மீன்கொத்தி வந்தது. வெயிலைப் பாசி பிடிக்கிறது, பாசியைக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி தின்கிறது, பூச்சியை மீன் தின்கிறது, மீனைக் கொக்கும் நாமும் தின்கிறோம். எல்லாருடைய கழிவும், செத்த உடம்பும் அடிச்சேற்றுக்குப் போகின்றன. அங்கே கிருமிகள் அதை மக்கவைத்துப் பாசிக்கே மறுபடி சத்தாகக் கொடுக்கின்றன. இதையெல்லாம் அவர் பள்ளியில் எத்தனையோ வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியவர். பலகையில் போட்டது கண்முன் நடக்கிறது என்று பூரித்துப்போனார். மீனுக்கு இன்னும் கொஞ்சம் தீனி போட்டால் என்ன என்று அண்ணி கேட்டால், தின்றதில் பெரும்பங்கை நீந்தியும் மூச்சுவிட்டுமே அது தீர்த்துவிடும், மிச்சம்தான் சதையாகும், அதனால் அவசரப்படாதே என்பார்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான செய்தி அந்தச் சமயத்தில்தான் வந்தது. சர்க்கரை செய்த வேலை. ஜெலாப்பாங் பக்கத்தில் ஒரு நிலையத்தில் ரத்த சுத்திகரிப்புக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் படுத்தார். குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு வைத்தார்கள். அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. ஊசி ஏறிய கையோடு குட்டைக்குப் போய் நிற்பார்.

இனி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு முகம் மாறும். மாறட்டும்.

ஆடி மாதத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துச் சனங்கள் எங்கிருந்தாலும் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். அந்த வருடம் மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் பாதிகூட இல்லை. அன்னதானத்துக்கு ஆக்கிய சோறும் சாம்பாரும் பாயசமும் அண்டா அண்டாவாக மிஞ்சின. பாற்குடத்துப் பால் வேறு. சாமி சோற்றைக் குப்பையில் கொட்டுவது பாவம். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். நம் உறவினர் நாலைந்து பேர் கூடிப் பேசி, மீனுக்குப் போட்டால் புண்ணியம் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அண்ணனின் குட்டையில் சாய்த்துவிட்டார்கள். பாலையும் ஊற்றினார்கள். கரையில் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வந்தார்களாம். அண்ணன் அந்நேரம் நிலையத்தில் ஊசியோடு படுத்திருந்தார்.

மறுநாள் முழுக்க மூட்டம். வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் பண்ணைப் பெரியவர் போன் செய்தார். நானும் அண்ணியும் அண்ணனோடு போய்ச் சேர்ந்தபோது, உயிரோடிருந்த கொஞ்சம் மீனும் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மற்றவை வயிறு வெளுத்து மிதந்தன. உச்சிப்பொழுதுக்குள் மிச்சமும் போய்விட்டது. புளித்த பால் நாற்றம் கோயில் வரை அடித்தது.

சோறு கொட்டியவர்களும் சேதி கேட்டு வந்து நின்றார்கள். அவர்களில் எங்கள் பெரியப்பா மகன்தான் வாயைத் திறந்தார்.

"நாங்க குப்பையா அண்ணே கொட்டினோம்? சாமி சோறு."

"தெரியும்பா. நல்ல மனசோடதான் கொட்டினீங்க" என்றார் அண்ணன். "மீனு சோறு தின்னு சாகல. சோத்த மக்க வைக்கிற கிருமி, தண்ணியில இருந்த காத்தையெல்லாம் இழுத்துக்கிச்சு. வெயில் இருந்தா பாசி காத்து குடுத்திருக்கும். அதுவும் இல்ல."

நான் அங்கேயே பேயாட்டம் ஆடினேன். கண்ணு இருக்கா, அறிவு இருக்கா, ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க என்று கத்தினேன். அண்ணன் என் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப் போனார். அன்றிலிருந்து அவர்களோடு நான் பேசுவதில்லை. இது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

செத்த மீனை அரித்தெடுத்துக் கரையிலிருந்த வாழைகளின் அடியில் புதைத்தோம். அடுத்த தாரில் ஒவ்வொரு சீப்பும் குண்டு குண்டாகக் காய்த்தது. பார்க்க வந்தவர்களெல்லாம், எதுவும் வீணாகவில்லை, மீன்தான் வாழையாக வந்திருக்கிறது என்று அண்ணனுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார்:

"சத்து திரும்பி வரும் பாப்பா. அது சுத்திக்கிட்டே இருக்கும். ஆனா வெயில் வராது. அந்த மீனுங்களுக்குள்ள எத்தன வருசத்து வெயில் இருந்துச்சு. அதெல்லாம் சூடா மாறி மேல போயிடுச்சு. அதத் திரும்பப் புடிக்க முடியாதுலா. பிள்ளைங்களுக்கு இத நடத்தும்போதெல்லாம் எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்ததில்ல."

அவருக்கு வேறு மீன் வாங்கி விட மனமில்லை. முதலில் தண்ணீர் பிழைக்கட்டும் என்றார். தாம் கண்மூடும் முன் ஒரே ஒரு தடவை உள்ளங்கை மங்கும் அந்தப் பச்சையைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நடக்கவில்லை. மக்கிய சோற்றின் சத்து முழுவதும் ஒரேயடியாகத் தண்ணீரில் கலந்ததால், பாசி குழம்பாகத் தடித்து, செத்து, மறுபடி நாறியது. பிறகு ஆகாயத்தாமரை எங்கிருந்தோ வந்து மேலே பாய் விரித்துவிட்டது. வெயில் உள்ளே இறங்க வழியில்லை. அண்ணன் கரையில் உட்கார்ந்து கழியால் இழுத்துப் போடுவார். இழுத்த இடம் அடுத்த வாரமே மூடிக்கொள்ளும். "கழிவு வெளிய போக வழியில்லாம கெடக்கு. எனக்கு வந்த சீக்குதான்லா இதுக்கும்" என்று ஒருநாள் சிரித்தார்.

அனுமதியைப் புதுப்பிக்க நில அலுவலகத்துக்குப் போனபோது, அந்த நிலத்தில் வீடு கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். நாறும் குட்டைக்காக யார் பரிந்து பேசுவார்கள்? மீன் துள்ளிக்கொண்டிருந்தால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நானே பேசியிருப்பேன். மண் லாரிகள் வந்த வாரம் அண்ணன் மருத்துவமனையில் இருந்தார். குட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டார். மண் கொட்டுகிறார்கள் அண்ணே என்றேன். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அந்த நன்றிப் பேச்சை எடுத்தார்.

"மலர் போட்டா அவங்களுக்கும் நன்றி சொல்லிடு பாப்பா. விட்டுடாத. அவங்க நம்ம ஆளுங்க. கும்பிட்டுத்தான் கொட்டினாங்க."

இரண்டு நாளில் போய்விட்டார். பல பேருக்குக் கடைசி நேரத்தில் பக்கத்தில் நின்றவள் நான். சூடு முதலில் விரலிலிருந்து போகும், பிறகு பாதம், பிறகு நெற்றி. அண்ணனுடைய கையை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துப் பார்த்தேன். என் கைச்சூடு அவருக்குப் போனதே தவிர அவருடையது நிற்கவில்லை. சாம்பலை லூமுட் கடலில் கரைத்தோம். அண்ணன் எங்கும் போகவில்லை, இயற்கையோடு கலந்துவிட்டார், மரமாய்ச் செடியாய் வருவார் என்று பலரும் சொன்னீர்கள். நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். வருவது சாம்பலில் இருந்த சத்து. அண்ணன் இல்லை. அவர் எனக்குச் சொல்லிவிட்டுப் போன பாடத்தில் ஆறுதலுக்கு இடமே இல்லை. தேடித்தேடிப் பார்த்துவிட்டேன்.

அண்ணனைக் கடைசிவரை முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட சுத்திகரிப்பு நிலையத்துத் தாதியர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. சவ ஊர்வலத்தில் எல்லாருக்கும் பின்னால் ஒதுங்கி நின்று தேம்பிய கோழிப்பண்ணைப் பெரியவருக்கு நன்றி. இரவுபகலாக அண்ணியோடு துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், பழைய மாணவர்களுக்கும் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையலை, குட்டையில் சோறு கொட்டிய அவர்களே அண்ணியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் தடுக்கவும் இல்லை, அந்தப் பக்கம் போகவும் இல்லை. கடைசிப் பந்தி முடிந்து எட்டிப் பார்த்தபோது அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மிஞ்சிவிடுமோ என்ற பயத்தில் அரிசியை அளந்து அளந்து போட்டிருக்கிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சரியாகப் போய்விட்டது. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர்களுக்கு ஒரு கைச்சோறு இல்லை. ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். அண்ணி பதறிப்போய் வாசலுக்கு ஓடினார். வயிறு நிறைந்துவிட்டது அண்ணி என்று பெரியப்பா மகன் சொன்னது எனக்கும் கேட்டது. உள்ளே வாருங்கள், ஏதாவது ஆக்கித் தருகிறேன் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் சொன்னபடி, அவர்களுக்கும் நன்றி. எழுதிவிட்டேன். எழுதினால் மனப்பாரம் இறங்கும் என்று அண்ணன் நினைத்திருப்பார், இறங்கவில்லை. குட்டை இருந்த இடத்தில் வீடுகளுக்குக் கூரை போட்டாகிவிட்டது. இன்றைய விருந்துக்கும் அவர்கள்தான் சமைக்கிறார்கள். இந்தத் தடவை அவர்களுக்கும் சேர்த்து அரிசியை நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.