இன்னும் பத்து நிமிஷம்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. நடந்தது எனக்கு அல்ல. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனுக்கு. இப்போது அந்தக் கட்டில் காலி. கைக்குக் கிடைத்த இரண்டு சட்டையை அள்ளிக்கொண்டு விமானம் ஏறியவன், அதற்குப் பிறகு எங்கள் யார் போனையும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

வெளிநாட்டில் நாங்கள் சேர்ந்து தங்கியிருக்கும் அறையில் அவனுக்குப் பெயர் 'பூட்டு'. பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்பை உருளை இயந்திரத்துக்குள் விட வேண்டும், மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வருவதை மடிக்க வேண்டும். மனைவி ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். ஒரே மகள், பதின்மூன்று வயது. பள்ளி விட்டு வந்தால், அம்மா வரும்வரை வீட்டில் தனி. அவளுக்காக இங்கே ஒரு கடையில் பழைய போன் வாங்கினான். பிள்ளைகளைக் கண்காணிக்கிற ஆப் ஒன்று ஏற்கெனவே அதில் இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று அதை அழிக்காமல், தன் நம்பரையும் அதிலேயே சேர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டான்.

நாளைக்கு ஒரு மணி நேரம்தான். முடிந்ததும் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும். கால்கூடப் போகாது, வராது. அப்படி வைத்தது அவனேதான்.

"அவசரத்துக்கு என்னைக் கூப்பிடவாவது விடுங்களேன்," என்று மனைவி கெஞ்சினாள்.

"ஒரு ஓட்டை விட்டா அது வழியாத்தான் வருவானுங்க. பேப்பர் படிக்கிறதே இல்லையா நீ? பத்து வயசுப் பொண்ணுன்னு சொல்லிக்கிட்டு நாப்பது வயசுக்காரன் பேசுறான்."

மகளுக்குக் கூடுதல் நேரம் வேண்டுமென்றால், ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும். அப்பாவின் போனில் 'டிங்' என்று வரும். கீழே இரண்டு பொத்தான். கொடு. மறு.

நாலு மாதமாக அவள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பூட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் பொண்ணு, கோடு போட்டா தாண்ட மாட்டா."

"பூட்டு அண்ணே, அந்த ஆப்பை என் போன்லயும் போட்டுவிடுங்க. என் பொண்டாட்டி உங்க போட்டோவ மாட்டிக் கும்பிடுவா," என்பான் எதிர்க்கட்டில் தம்பி.

ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். மணி இரண்டு நாற்பது. ஊரில் அப்போது பள்ளி விட்ட நேரம்.

டிங்.

*அப்பா, பத்து நிமிஷம் குடுங்க.*

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வா, போ என்று அவனை விரட்டுகிறவள், இன்றைக்கு 'குடுங்க' என்கிறாள். காரியம் ஆக வேண்டுமென்றால் மரியாதை தானாக வருகிறது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு 'மறு'வை அழுத்தினான்.

டிங்.

*அப்பா ப்ளீஸ். ஒரே ஒரு கால் பண்ணணும்.*

மறு.

டிங்.

*வந்திருக்கிறது பொண்ணு இல்லப்பா.*

உருளையில் விரிப்பு சிக்கிச் சுருண்டது. அவன் பார்க்கவில்லை. 'கொடு'வை அழுத்தினான்.

'இந்தக் கோரிக்கையின் நேரம் முடிந்தது.'

மறுபடி அழுத்தினான். மறுபடி அதே வரி. மகளுக்குப் போன் போட்டான். போகவில்லை. மனைவிக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது...

டிங்.

*மாடிக்கு வந்துட்டேன். படியில சத்தம் கேக்குது.*

மாடியா?

அவன் வீட்டுக்கு மாடியே கிடையாது.

டிங்.

*அப்பா*

அவ்வளவுதான். பிறகு எதுவும் வரவில்லை. உருளை மட்டும் உர்ர்ர்... என்று சுற்றியது.

இருபது நிமிடம் கழித்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இத்தனை மிஸ்டு கால்? பாப்பாவோட பல் டாக்டர்கிட்ட இருக்கேன். லீவு போட்டிருக்கேன்னு காலையில சொன்னேனே, காதுல விழலையா?"

"அவ போன் எங்க?"

"வீட்ல. சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு. இருங்க, அவகிட்டயே கேளுங்க."

மரத்துப்போன வாயோடு மகள் குழறினாள். "பா, நான் இன்னைக்குக் கேக்கவே இல்லபா."

இல்லை என்ற ஒன்றுதான் அவன் காதில் ஏறியது. உயிர் திரும்பி வந்தது. அழுக்குத் துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள். அதே இரண்டு நாற்பது.

*அப்பா, பத்து நிமிஷம் குடுங்க.*

இந்த முறை முதல் வரிக்கே 'கொடு'. நேரம் முடிந்தது என்றது போன். அடுத்தடுத்து அதே வரிகள். அதே வரிசை. கடைசியில், அதே ஒற்றை 'அப்பா'.

வியாழக்கிழமையும் அப்படியே.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, போன் வாங்கிய கடைக்குப் போனான். "அதுவா? ஒரு டைலர் வித்தது. ரெண்டு தெரு தள்ளிப் போங்க. உங்க பாஷைதான் பேசுவார்," என்றார் கடைக்காரர்.

சின்னக் கடை. ஒரு தையல் மெஷின், சுவரில் ஒரு கடிகாரம். டைலர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தார். போன் என்று சொன்னதும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார்.

"என் பொண்ணோட போன் அது. விளையாட்டுல பழகின பொண்ணு ஒண்ணு வீட்டுக்கு வர்றேன்னுச்சாம். வந்தது பொண்ணு இல்ல." துணியை நீவிக்கொண்டே இருந்தார். "இவ பத்து நிமிஷம் கேட்டா. நான் அவசர வேலையா இருந்தேன். ரெண்டு தடவை மறுத்தேன். மூணாவது தடவை சத்தம் வந்தப்ப, பாக்காமலே ஆஃப் பண்ணிட்டேன். சாயந்தரம் வீட்டுக்குப் போனா... மாடியில..."

கீழே வைத்த குண்டூசிகளை வரிசையாக அடுக்கினார். அவர் பார்க்காமல் விட்டது என்னவென்று இவனுக்குத் தெரியும்.

"ஆனா பாருங்க தம்பி," என்றார். முகம் சட்டென்று மலர்ந்தது. "நாலு மாசமா மறுபடியும் கேக்கிறா."

"யாரு?"

"என் பொண்ணுதான். போனை வித்தாலும் அந்த ஆப்ல முதல் நம்பரா இருக்கிற என்னோடத எடுக்க மனசு வரல. கேக்கிறது முதல்ல எனக்குத்தான் வரும். முந்தி 'அப்பா'ம்பா. இப்ப வெறும் 'பா'. அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவைகூட மறுக்கல தம்பி. கேட்ட நிமிஷமே குடுத்துடுவேன்."

நாலு மாதம்.

கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நாற்பது. அவன் போன் சத்தமே போடவில்லை. இந்த நாலு நாளில் முதல் முறையாக.

டிங்.

டைலரின் போன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிள்ளை வரைந்த படத்தைக் காட்டுவது போல, அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

*பா, இன்னும் பத்து நிமிஷம். அம்மா வர லேட்டாகும். புது ஃப்ரெண்ட் நம்ம தெரு முனைக்கு வந்துட்டாளாம். வீட்டுக்கு வழி சொல்லணும்.*

அவன் பாய்ந்து கையை நீட்டினான்...

"பதறாதீங்க தம்பி," என்றார் டைலர். "குடுத்துட்டேன்."