ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜப்பான் சாப்பாடும் சர்க்கரைச் சண்டையும்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் மாடி வீட்டில் மிச்சிகோ அம்மா எட்டு வருடமாகக் குடியிருக்கிறார். ஜப்பானில் ஒசாகாக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். நம்மூரில் ஜப்பான் சாப்பாடு என்று போர்டு வைத்த இடத்துக்கெல்லாம் அவரோடு நானும் போயிருக்கிறேன். சூப்பில் கொத்தமல்லி மிதக்கும். நூடுல்ஸில் மிளகாய் சாஸ் ஊற்றியிருப்பார்கள். அவர் சிரித்த முகமாக "நல்லா இருக்குங்க" என்று சொல்லி, பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

என் பேத்தி பவித்ரா கேட்டரிங் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜப்பான் ஓட்டலில் சமைக்கிறாள். கம்பெனி வேலைக்கு வந்த ஜப்பான்காரர்கள்தான் அங்கே சாப்பிடுகிறார்கள். ஆனாலும் என் மகன் சேகருக்கு மனசு ஒப்பவில்லை. மகளை பேங்க் பரீட்சைக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"அவங்க வேற வழியில்லாம சாப்புடுவாங்கம்மா. மிச்சிகோ அம்மா சாப்ட்டுப் பாக்கட்டும். இங்க மாதிரி பாதிய வச்சிட்டாங்கன்னா, பவித்ராவ கையோட கூட்டிட்டு வந்துடுவேன்" என்றான்.

அதற்காகத்தான் போன மாதம் கிளம்பினோம். பௌர்ணமியன்று கிளம்பாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் ஊரை விட்டு வண்டி வெளியே வராது. நாங்கள் அது கழிந்த புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு சேகரின் காரில் புறப்பட்டோம். போளூர், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். ஆரணியில் இட்லி சாப்பிட்டோம். மிச்சிகோ அம்மா ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டார், வயிற்றில் இடம் வேண்டுமாம்.

ஓட்டல் பதினொன்றரைக்குத்தான் திறக்கிறது. மெனு கார்டில் ஜப்பான் எழுத்தும் இங்கிலீஷும்தான். ஐந்தாவது படித்த எனக்கு இரண்டும் ஒன்றுதான். படம் இருக்கிறது, விரலை வைத்துக் காட்டினால் போதும். ஒரு சாப்பாடு எழுநூற்றைம்பது ரூபாய். சோறு, சுட்ட மீன், ஊறுகாய், சுருட்டிய முட்டை அடை, ஒரு சூப். சோயாவைப் புளிக்க வைத்த விழுதில் அந்த சூப் வைக்கிறார்கள். மாசிக்கருவாடு மாதிரி ஒன்றைச் சீவிப் போடுவதால் அதில் கருவாட்டு வாசனை வருகிறது. காரம் தேடாதீர்கள். மெதுவாகச் சாப்பிட்டால் ருசி தெரியும்.

மிச்சிகோ அம்மா கிண்ணத்தைக் கையில் தூக்கிக் குடித்தார். முட்டையை வாயில் வைத்ததும் முகம் சுருங்கியது. சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி பவித்ராவைக் கூப்பிட்டார். அவள் வந்ததும் ஜப்பான் பேச்சில் படபடவென்று என்னவோ கேட்டார். என் பேத்தி சும்மா இருப்பாளா? கையை ஆட்டி ஆட்டி, அவரிடமே கற்றுக்கொண்ட அதே பேச்சில் பதில் சொன்னாள்.

"இன்னாம்மா, சண்ட போடறாங்க?" என்றான் சேகர்.

"எங்கம்மா முட்டைல சர்க்கரை போடமாட்டாங்க. இவ போட்டிருக்கா. நான் ஒத்துக்கவே மாட்டேன்" என்று மிச்சிகோ அம்மா தமிழுக்கு வந்தார்.

"எங்க செஃப் டோக்கியோக்காரருப்பா. அந்த ஊர்ல போடுவாங்க. இவங்க ஒசாகா. அதான் இந்தக் கத்து கத்தறாங்க" என்றாள் பவித்ரா.

சேகர் முகம் தொங்கிவிட்டது. "குத்தம் சொல்லிட்டாங்க பாத்தியாம்மா. அவ்ளோதான்."

"போடா. ஓசூர்லருந்து வந்த உம் பொண்டாட்டி சாம்பார்ல வெல்லம் போட்டப்ப நான் எத்தினி நாள் கத்துனேன்? என்னிக்காவது ஓட்டல் சாம்பாருக்குக் கத்தியிருக்கேனா? நம்மூர் ஓட்டல்ல இவங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டாங்களா? தட்டப் பாருடா."

தட்டில் மீன் முள் மட்டும்தான் இருந்தது. குறை சொன்ன முட்டையைக்கூட அவர் விடவில்லை. இன்னொரு கிண்ணம் சூப் வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

சேகர் எழுந்து கவுன்டருக்குப் போனான். பணம் கட்டும்போது, சாப்பாடு எப்படி இருந்தது என்று கேஷியர் கேட்டார்.

"முட்டைல சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்திங்க. ஆனா செஞ்சது எம் பொண்ணு" என்றான். வீட்டுக்கு வா என்று மகளைக் கூப்பிடாமலே போய் காரை எடுத்தான்.

போகிறவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் போங்கள். ஒரு மணிக்கு மேல் கம்பெனிக் கூட்டம் வந்துவிடும். முட்டைக்குச் சர்க்கரை வேண்டுமா வேண்டாமா என்று முன்பே சொல்லிவிடுங்கள். திருவண்ணாமலையிலிருந்து வருகிறோம் என்றும் சொல்லுங்கள். சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்ப்பாள். அவள்தான் என் பேத்தி.