அப்பா அடைகாத்த மார்கழி

என் தம்பி இப்போது வாசலில் வண்டியை நிறுத்தினால் தெருநாய்கள் எழுந்து வழிவிடும். அவ்வளவு பெரிய உருவம். பிறந்தபோது அவன் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் கூட இருந்தான் என்று சொன்னால் அவன் மாமனார் வீட்டில் யாரும் நம்புவதில்லை. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். அந்த அவசரம் அதற்குப் பிறகு அவனுக்கு எந்தக் காரியத்திலும் வந்ததில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில், அலையாத்திக்காட்டை ஒட்டிய மீனவர் தெருவில் எங்கள் வீடு. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்துவிட்டு, மார்கழி பிறந்ததும் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆசையோடு எட்டிப் பார்த்தேன். துணிக்குள் ஒரு எலிக்குஞ்சு கிடந்தது. இதற்காகவா இத்தனை அமர்க்களம் என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

அம்மாவைக் கவனித்துக்கொள்ள அத்தை வந்திருந்தாள், அப்பாவின் அக்கா. வாடைக்காற்றோடு அவளுக்கு ஜென்மப் பகை. ஜன்னலை அடைத்தாள், சந்துபொந்துகளில் சாக்கைத் திணித்தாள், முறத்தில் பஞ்சைப் பரப்பித் தம்பியை அதில் கிடத்தினாள், பக்கத்தில் கணப்புச் சட்டியும் வைத்தாள். வீடு முழுக்கப் புகை. மறுநாள் தம்பியை எடை பார்க்க வந்த நர்ஸம்மா முதல் காரியமாகக் கணப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினார்.

"புள்ளைக்குக் கதகதப்பு வேணும்தான். அதுக்காக அவிச்சு எடுத்துடாதீங்க. பஞ்சு வேணாம், மெத்தை வேணாம், தலையணை வேணாம். வெறும் நெஞ்சோட சேத்து நிமித்திக் கட்டிக்குங்க. நம்ம ஒடம்புச் சூடே போதும். மொகம் மட்டும் எப்பவும் வெளியில தெரியணும்."

நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டிய அம்மாவுக்கோ ஆபரேஷன் தையல் சீழ் பிடித்துக் காய்ச்சல். பாலைப் பிழிந்து பாலாடைச் சங்கில் கொடுப்பதற்கே அத்தை முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நர்ஸம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்வை அப்பாவிடம் வந்து நின்றது.

"அப்ப நீங்க வச்சுக்குங்க."

"நானாங்க?"

"ஏன், உங்களுக்கு நெஞ்சு இல்லையா?"

அப்பா சட்டையைக் கழற்றினார். கடல் காற்றில் கறுத்துக் காய்த்த நெஞ்சு அது. அதன் நடுவில் தம்பியை வைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, குல்லாவைப் போட்டு, அம்மாவின் பழைய நூல்சேலையால் நர்ஸம்மாவே சுற்றிக் கட்டினார். சுவரோரம் பழைய வலைகளைப் பொதியாகக் குவித்து, அதில் சாய்ந்தபடி அப்பா உட்கார்ந்தார். அவர் கண்ணயர்ந்தால் அத்தை விழித்திருக்க வேண்டும் என்பது உத்தரவு.

அப்படியே உட்கார்ந்திருந்தார், நாள்கணக்கில். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். முதுகு அரித்தால் சுவரில் தேய்த்துக்கொள்வார். தம்பி ஒன்றுக்குப் போனால் அது அப்பாவின் தொப்புள்வரை ஓடும், அப்போதும் அசையமாட்டார். வலைக்கண்ணின் அளவு பற்றி யாராவது ஒரு வார்த்தை கூடப் பேசினால் கையை ஓங்கும் மனிதர், வீட்டுக்குள் பூனைபோல அடங்கிக் கிடந்தார். நர்ஸம்மா வந்து எடை பார்க்கும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி பிழைப்பானா என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அது நல்ல இறால் பாடு உள்ள சமயம். ஊரில் உள்ள ஆண்களெல்லாம் விடியுமுன் படகேற, என் அப்பா மட்டும் வீட்டில் கிடந்தார். அவரோடு ஒரே படகில் போகும் பெரியப்பா தினமும் வாசலில் நின்று, "என்னடா, குஞ்சு பொரிஞ்சிடுச்சா? இன்னும் எத்தினி நாளைக்கு அடைகாக்கப் போற?" என்று கேட்டுவிட்டுப் போவார். அப்பா சிரித்துக்கொள்வார். கேலி தெருவில் இறங்கி, பள்ளிக்கூடம்வரை வந்துவிட்டது. "அடைக்கோழி மவ வர்றாடி" என்றார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்பா திரும்பவும் கடலுக்குப் போய்விட்டால் போதும், நான் மறுபடி ஒரு மனுஷியாகத் தலைநிமிர்ந்து நடக்கலாம். என் கவலை அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அத்தை மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அம்மா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். மூன்று நாளாகக் குளிக்காத உடம்பின் நாற்றம் அப்பாவுக்கே பொறுக்கவில்லை. தம்பியை அவிழ்த்துப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு மெல்லிய துண்டை மார்வரை போர்த்தினார்.

"அம்மாடி, பக்கத்துலயே உக்காந்திரு. ரெண்டு வாளி ஊத்திக்கிட்டு ஓடியாந்துடுறேன். எதுன்னாலும் ஒரு கொரல் குடு."

அவர் கொல்லைப்பக்கம் போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. தம்பிக்கு வேண்டியது கதகதப்பு. கதகதப்புக்கு அப்பாதான் வேண்டும் என்று என்ன சட்டம்? பெட்டிக்குள் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த போர்வை இருந்தது, புசுபுசுவென்று, புலிப்படம் போட்டது. கலியாணத்துக்குக்கூட வெளியே எடுக்காத போர்வை. அதை எடுத்து நாலாக மடித்துத் தம்பிமேல் போட்டேன். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு கொழுகொழுக் குழந்தை தலையணைகளுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன். மூக்கைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பாவமாக இருந்தது. போர்வையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டேன்.

வேலை சுத்தம். தம்பி சத்தமே போடவில்லை. சுகமாகத் தூங்குகிறான் என்று நினைத்துப் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். "நாளைக்கு அப்பா கடலுக்கு வருவாங்க" என்றேன். பெரியப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். எதிரே கடைத்தெருவிலிருந்து அத்தையும் வந்து சேர்ந்துகொண்டாள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது, தலை சொட்டச் சொட்ட அப்பா போர்வையை வீசி எறிந்துகொண்டிருந்தார். தம்பியின் முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. கை துவண்டு தொங்கியது. அப்பா அவனை அள்ளி எடுத்து, பாதத்தைச் சுண்டினார். மறுபடி சுண்டினார். முதுகைத் தேய்த்தார். அதற்குப் பிறகுதான் பூனைக்குட்டிபோல ஒரு முனகல் கேட்டது. பிறகு ஒரு அழுகை. அம்மா திடுக்கிட்டு எழுந்தாள்.

அத்தை போர்வையையும் தலையணைகளையும் பார்த்தாள்.

"அடப்பாவி மக்கா, பச்சப்புள்ளைய யாரு இப்புடி மூடுனது?"

நான் பெரியப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். அப்பா தம்பியிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நான்தான். குளிருமேன்னு போத்திட்டுப் போனேன்."

அத்தை பிடித்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் எழுத முடியாது. பெரியப்பாவும் இந்தமுறை சிரிக்கவில்லை. "அடைகாக்குறேன்னு சொல்லி முட்டைய ஒடைக்கப் பாத்தியேடா. அறிவு வேணாம்?" என்றார். வழக்கமாக எகிறி விழும் அப்பா தலையைக் குனிந்து நின்றார். மறுநாள் நர்ஸம்மா தம்பியைச் சோதித்துவிட்டு, பிழைத்தது தெய்வச்செயல் என்று தன் பங்குக்குத் திட்டினார். "சரிங்கம்மா, தப்புதாங்கம்மா" என்று அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அம்மா மட்டும் திட்டவில்லை. "உங்கள நம்பித்தான படுத்திருந்தேன்" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு நாலு நாள் அவரோடு பேசவில்லை.

அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால் அது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் துண்டு போர்த்தியது உண்மை. தூக்கம் கெட்டுக் கெட்டு, துண்டுக்கும் போர்வைக்கும் அவருக்குக் குழம்பிவிட்டது என்று முதல்நாள் நினைத்தேன். ஊரே அவரைத் திட்டியதைக் கேட்டுக் கேட்டு, இரண்டாம் நாள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் போட்டதற்குமேல் அவர் எதையாவது போட்டிருப்பாரோ? மூன்றாம் நாள் ஐயமே இல்லை. தப்பு அப்பாவுடையதுதான்.

அன்று இரவு அவர் வழக்கம்போல வலைப்பொதியில் சாய்ந்து, தம்பியை நெஞ்சில் கட்டிக்கொண்டு, என்னைப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னார். என் கையை எடுத்துத் தம்பியின் முதுகில் வைத்தார். அது ஏறி ஏறி இறங்கியது.

"சின்னப் புள்ளைங்க மொகத்த மட்டும் எப்பவும் மூடக்கூடாது, அம்மாடி" என்றார், மெதுவாக.

மூன்று நாளாக எல்லோரிடமும் திட்டு வாங்கியவர். அம்மாவும் பேசுவதில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

"பரவால்லப்பா. தெரியாமத்தான செஞ்சீங்க. இனிமே மூடாதீங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார் அப்பா.

அவரை மன்னித்துவிட்ட நிம்மதியில் நான் தூங்கிப்போனேன்.