எங்கள் கிணற்றைப் பற்றி எழுதியது

யுத்தநிறுத்தம் வந்து சமாதான காலம் தொடங்கியதற்கு அடுத்த வருடம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வேலணைக்கு வந்தாள். பக்கத்துத் தீவான புங்குடுதீவின் மடத்துவெளியில் பிறந்து, சிறுவயதிலேயே தாய் தகப்பனுடன் நாட்டை விட்டுப் போனவள். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கிணறுகளின் தண்ணீரை ஆராய வந்திருந்தாள். நான் அப்போது வேலணையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தங்க ஓர் அறையும், வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போக ஓர் ஆளும் அவளுக்கு வேண்டியிருந்தன. இரண்டுக்கும் நான் சம்மதித்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் சைக்கிளில் புறப்படுவோம். நீண்ட வயரில் தொங்கும் சின்னக் கருவியொன்றைக் கிணற்றுக்குள் இறக்கி அளவு எடுப்பாள். போத்தல்களில் தண்ணீர் நிரப்பிப் பெயர் ஒட்டுவாள். எல்லாக் கிணற்றடியிலும் ஒரே கேள்விதான்.

"பிள்ளை, எங்கட தண்ணி எப்பிடி?"

"எல்லாம் பாத்து முடிய எழுதுவன். அதில இருக்கும்" என்பாள். என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அரைகுறையாச் சொல்லி, பிறகு பிழைச்சால் கூடாது அக்கா."

எங்கள் வீடு இருந்த சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், உவர் இல்லாத கிணறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது புகையிலையும் வெங்காயமும் செய்த ஓர் அண்ணையின் வளவில் இருந்தது. குடிதண்ணீருக்கு ஒழுங்கை முழுவதும் அங்கேதான் போகும். படலையை அவர் பூட்டியதில்லை. அந்தப் பெண் அதிக நேரம் செலவழித்ததும் அந்தக் கிணற்றில்தான். மாரியிலும் கோடையிலும் அளந்தாள். அண்ணையின் மனைவி ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பா. வேலை முடிந்ததும் அவள் திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு ஒரு வருடம் மழை பொய்த்தது. அண்ணையின் கிணற்றில் வாளி கல்லில் முட்டத் தொடங்கியது. அந்த நேரம் ஓர் உதவி நிறுவனம், பாறை உடைக்கிற இயந்திரத்தோடு ஊர் ஊராகக் கிணறுகளை ஆழமாக்கிக்கொண்டு வந்தது. அண்ணை என்னிடம் வந்தார்.

"ரீச்சர், அந்தப் பிள்ளை எழுதி முடிச்சிட்டாவோ? கிணத்தை இன்னும் வெட்டலாமோ எண்டு அதில இருக்கும் என்ன?"

"இருக்க வேணும் அண்ணை. பாத்துக்கொண்டு வாறன்."

பஸ் ஏறி, கடலுக்கு நடுவே போகும் பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணம் போனேன். இன்ரநெற் கடையில் தேடியபோது கட்டுரை கிடைத்தது. ஆங்கில எழுத்தில் எங்கள் ஊரின் பெயரைத் திரையில் பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம். கீழே ஒரு சுருக்கம் இருந்தது. அதன் கடைசி வசனம், கிணறுகளைப் பேணுவதற்கான பரிந்துரைகள் இந்தக் கட்டுரையில் தரப்படுகின்றன என்று முடிந்தது. என்ன பரிந்துரைகள் என்று அங்கே இல்லை. முழுவதும் வாசிக்க வேண்டுமென்றால் கடன் அட்டையால் பணம் கட்டச் சொன்னது.

கடைக்காரத் தம்பி எட்டிப் பார்த்தார். "காட் இல்லாமல் திறக்கேலாது அக்கா. இஞ்ச ஆரிட்ட இருக்கு?"

அந்தப் பெண் தந்துவிட்டுப் போன மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினேன். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் அதை மூடிவிட்டிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஒரு விரிவுரையாளரிடமும் போனேன். "அந்தச் சஞ்சிகையெல்லாம் எங்கட நூலகத்துக்கு வாறதில்லை" என்றார்.

நடந்ததை அண்ணையிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். நிறுவனத்தார் அடுத்த ஊருக்குச் சாமான்களை ஏற்றத் தொடங்கியபோது, "அவங்கள் போனால் திரும்பி வரமாட்டாங்கள் ரீச்சர். வெட்டுவம்" என்றார்.

வெட்டினார்கள். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. அன்று ஒழுங்கை முழுவதும் அந்தக் கிணற்றடியில்தான் நின்றது.

அடுத்த கோடையில் அண்ணையின் வீட்டுப் பால்தேத்தண்ணி உப்பில் திரைந்தது. பிறகு புகையிலை இலைகள் ஓரத்தால் கருகின. சனம் ஒவ்வொருவராகத் தெருவுக்குப் போய்ப் பவுசர் லொறியில் வரும் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. அண்ணையும் நின்றார். ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். யுத்தம் மறுபடி நெருங்கி, எங்கள் தீவிலேயே அல்லைப்பிட்டியில் வீடு புகுந்து சனத்தைச் சுட்டுக் கொன்ற பிறகு ஒழுங்கையே வெறிச்சோடிப் போனது. அண்ணையும் மனைவியும் யாழ்ப்பாணத்தில் மகளின் வீட்டுக்குப் போனார்கள். நானும் போய், சில காலத்தின் பின் திரும்பி வந்தேன்.

யுத்தம் முடிந்த வருடம், பாடத்துக்கு ஏதோ தேட இன்ரநெற் கடைக்குப் போனவள், சும்மா அந்தத் தலைப்பையும் அடித்துப் பார்த்தேன். அந்தப் பெண் படித்த பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளையெல்லாம் யாரும் இலவசமாக வாசிக்கும்படி போட்டிருந்தது. பக்கம் எதையும் கேட்காமல் திறந்தது.

எங்கள் கிணறு அதில் இருந்தது. நல்ல தண்ணீர் உவர் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் மிதக்கிறது, எக்காரணம் கொண்டும் ஆழமாக்கக் கூடாது, அகலமாக்கி மெதுவாக அள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாள். முடிவில், கிணற்றடியில் தேநீர் தந்த வீட்டாருக்கு நன்றி சொல்லியிருந்தாள். அந்தக் கடைக்குள் இருந்து அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அதில் கிடைத்த புது முகவரிக்கு எழுதினேன். அவள் தொலைபேசியில் அழைத்தாள். பல்கலைக்கழகத்தில் எந்தக் கணினியிலும் அந்தக் கட்டுரை தானாகத் திறக்குமாம். இங்கே பூட்டிக் கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

அச்செடுத்த தாளோடு அண்ணையிடம் போனேன். தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"வெட்டவேண்டாம் எண்டே எழுதியிருக்கிறா?"

"ஓம் அண்ணை."

"நாங்கள் வெட்டேக்க இது எழுதி முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கிலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஆரும் பாக்கலாமோ?"

"ஓம். ஆரும் பாக்கலாம்."

"புங்குடுதீவில கிணறுகளை ஆழமா வெட்டத் தொடங்கிட்டாங்களாம். போய்ச் சொல்லுங்கோ ரீச்சர்."

போனேன். மடத்துவெளியில் சிலர் கேட்டு நிறுத்தினார்கள். சில வளவுகளில் ஏற்கெனவே வெட்டி முடித்து, பொங்கிய தண்ணீரை எனக்குச் சந்தோஷமாகக் காட்டினார்கள். அவர்களுக்கு முன்னால் அந்தத் தாளை நான் எடுக்கவில்லை. நல்ல தண்ணீர்தான் என்று சொல்லிக் குடித்துவிட்டு வந்தேன்.